பதினாறு கோர், ஒரு முருகன்

ஜூன் 9, திங்கள்

முருகன் சேவ் ஆகிக்கொண்டிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

மற்றபடி டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். இந்த டைரி எங்கள் பிரஸ்ஸில் அச்சானது. கட்டிங்கில் கோணலாகி, கடைக்கு அனுப்ப லாயக்கில்லாமல் மூலையில் கிடந்தது. ஓரம் சாய்ந்திருந்தாலும் உள்ளே தேதியெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஐம்பத்தோரு வயதில் என்னைப் பற்றியும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சிவகாசியில் காலண்டர் பிரஸ் என்றால் ஆடிப் பதினெட்டுதான் எல்லாம். அன்றைக்கு அடுத்த வருஷத்து ஆல்பம் வெளியாக வேண்டும். ஊர் ஊராக ஏஜெண்டுகள் வந்து புரட்டிப் பார்த்து, எந்தச் சாமி எத்தனை என்று ஆர்டர் கொடுப்பார்கள். எங்கள் ஆல்பத்துச் சாமிகள் அத்தனையும் என் கையால் பிறந்தவர்கள். கதவில் 'டிசைன் பிரிவு' என்று பெரிதாக போர்டு உண்டு. பிரிவில் இருப்பது நான் ஒருத்தி.

இன்று காலையில் முதலாளி ராஜகனி அண்ணாச்சி வாசலில் நின்றபடியே சொன்னார்:

"வடிவு, இந்த ஆடிக்கு ஆல்பம் நம்ம டிசைன்ல வரலைன்னு வையி, அடுத்த வருஷத்துல இருந்து வெளிய ரெடிமேடா வாங்கிக்கிடுவோம். மாப்பிள்ளை சொல்றாரு, பெங்களூர்ல எல்லாரும் அப்படித்தானாம்."

மாப்பிள்ளை என்றால் அவர் மருமகன் விவின்ராஜ். தை மாதம்தான் கல்யாணம் ஆனது. கம்ப்யூட்டர் படித்தவர். ஐந்து மாதத்தில் பிரஸ்ஸில் எதற்கெடுத்தாலும் "மாப்பிள்ளை சொல்றாரு". இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கிற நான் சொல்கிறேன், என் கம்ப்யூட்டர் செத்துக்கொண்டிருக்கிறது என்று. அதைக் கேட்க ஒரு காது இல்லை.

முருகன் சேவ் ஆகிவிட்டார். போகிறேன்.


ஜூன் 12, வியாழன்

கம்ப்யூட்டர் செத்தது. புகையோடு.

நல்லவேளை, படங்களின் நகல் தனியாக இருக்கிறது. மயில் மட்டும் நேற்றுப் போட்ட தோகையை இழந்தது.


ஜூன் 16, திங்கள்

புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். யாருக்கு? எனக்கு. யார் முடிவு செய்வது? உலகத்தில் என்னைத் தவிர எல்லாரும்.

அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை பேசினார். "மாமா, பழசுல நாலு கோர்தான். இப்ப நான் சொல்றதுல பதினாறு கோர்."

"கோர்னா?"

"பிராசஸருக்குள்ள தனித்தனியா வேலை பாக்குற மூளை மாதிரி, மாமா. பதினாறு மூளை."

அண்ணாச்சி முகம் மலர்ந்தது பாருங்கள்! அவர் பிறந்ததிலிருந்து அச்சு மெஷினோடு இருக்கிறவர். ஒரு கலர் மெஷின், இரண்டு கலர் மெஷின், அப்புறம் கடன் வாங்கி நாலு கலர் மெஷின் என்று வளர்ந்தவர். நாலு கலர் மெஷினில் வரிசையாக நாலு யூனிட். பேப்பர் ஒரு பக்கம் நுழைந்து நாலு மையும் வாங்கி மறுபக்கம் முருகனாக வெளியே வரும். யூனிட் கூடினால் வேலை ஓடும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது.

"பதினாறு யூனிட்!" என்றார் என்னைப் பார்த்து. "கேட்டியா வடிவு? இனி நீ சேவ் அமுக்குறதுக்கு முந்தி சேவ் ஆயிரும்."

"வேகம் எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டேன். அச்சு மெஷின் வாங்கும்போது இந்தக் கேள்வியைத்தான் அவர் முதலில் கேட்பார், மணிக்கு எத்தனை தாள் என்று. போனிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"ஆன்ட்டி, டூ பாயிண்ட் ஒன் கிகாஹெர்ட்ஸ். அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். பதினாறு கோர் ஆன்ட்டி, பதினாறு."

செத்துப்போனதன் பெட்டியில் மூன்று கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த ஞாபகம். சொன்னேன். அண்ணாச்சி கையமர்த்திவிட்டார். நான் ஆன்ட்டியாம். மாப்பிள்ளைக்கும் எனக்கும் பதினைந்து வயசுகூட வித்தியாசம் இருக்காது. சரி, இருபது. சரி, விடுங்கள்.


ஜூன் 20, வெள்ளி

வந்து இறங்கியது. ஏசி அறையில் வைத்து பூஜை. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். கற்பூரப் புகையை அதன் ஃபேன் ஒரே இழுப்பாக உள்ளே இழுத்துக்கொண்டது. மெஷின் ஓட்டுகிற சந்தனமாரி, "யக்கா, இது சாமியாடும்போல" என்றான்.

மாப்பிள்ளையே பெங்களூரிலிருந்து எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்தார். ஒரே ஒரு கட்டளை: "ஆன்ட்டி, சாயங்காலம் ஆஃப் பண்ணாதீங்க. ஸ்கிரீனை மட்டும் அணைங்க. புது மெஷின் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் நல்லது."

எவ்வளவு அக்கறை! என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.


ஜூன் 24, செவ்வாய்

முருகன் சேவ் ஆகிக்கொண்டிருக்கிறார்.

ஆமாம். இன்னும்தான்.

பழையதில் சேவ் கொடுத்துவிட்டுப் போய் டீ குடித்து வருவேன். இதில் டீ, வடை, பைண்டிங் பகுதியில் செல்வமணி வீட்டுப் பிரச்சினை எல்லாம் முடிந்து வந்தாலும் முருகன் பாதி வழியில்தான் நிற்கிறார். நகைக்கு ஒரு லேயர், வேலுக்கு ஒன்று, மயில் தோகைக்கு மட்டும் நாற்பது என்று அடுக்கடுக்காகப் போட்ட படம். நகைகளுக்குத் தங்க மினுக்கு ஏற்றுகிற சின்ன புரோகிராம் எங்கள் பழைய சாஃப்ட்வேரில்தான் வேலை செய்யும். அந்த மினுக்கு இல்லாவிட்டால் ஏஜெண்டுகள், "என்னங்க, சாமி கவரிங் போட்டிருக்கு" என்பார்கள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "புது மெஷின்லா, கை பழகணும்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "வயசும் ஆகுதுல்ல" என்றார்.

அறுபத்தெட்டு வயசு மனுஷன் என்னைப் பார்த்துச் சொல்கிறார்.


ஜூன் 27, வெள்ளி

அண்ணாச்சியின் காலைச் சுற்று பற்றி எழுதவேண்டும். முருகன் இப்போதைக்கு வரமாட்டார், நேரம் இருக்கிறது.

தினமும் காலையில் வந்ததும் ஒவ்வொரு மெஷின் பக்கவாட்டிலும் உள்ளங்கையை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்வார். புதிதாகப் பார்க்கிறவர்கள் என்ன பக்தி என்று உருகிப்போவார்கள். எங்களுக்குத் தெரியும், அது சூடு பார்க்கிற கை. ராத்திரி யாராவது திருட்டுத்தனமாக வெளி வேலை ஓட்டியிருந்தால் காலையில் மெஷின் கதகதப்பாக இருக்கும். சந்தனமாரிக்கு முன்னால் இருந்த ஆள் அப்படித்தான் மாட்டினான். மச்சானுக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடித்திருந்தான். அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாளையில இருந்து வராத" என்றார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் மெஷின் ஓட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

என் அறைக்குள் மட்டும் வரமாட்டார். கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயம்.

அறை என்றதும் ஞாபகம் வருகிறது. ஏசி சரியில்லை. காலையில் வந்தால் வெயிலில் நிறுத்தின பஸ் மாதிரி வெக்கை. சொன்னால், "அதுவும் வயசு" என்பார்கள். சொல்லவில்லை.


ஜூலை 1, செவ்வாய்

மாப்பிள்ளை வீடியோ காலில் வந்து என்னைத் திருத்தினார்.

திரையில் டாஸ்க் மேனேஜர் என்று ஒன்றைத் திறக்கச் சொன்னார். நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு கோராம். "இப்ப சேவ் குடுங்க ஆன்ட்டி."

கொடுத்தேன். ஒரே ஒரு கட்டம் கழுத்து வரைக்கும் நிறைந்து திணறியது. மற்ற பதினைந்தும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன.

"பாத்தீங்களா? மொத்தத்துல ஆறு பெர்சென்ட்தான் யூஸ் ஆகுது. மெஷின் ஃப்ரீயா இருக்கு. நீங்கதான் ஸ்லோ."

பின்னால் நின்ற அண்ணாச்சி, "ஆறு பெர்சென்ட்தானா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பதினாறு பேர் வேலைக்கு வந்த இடத்தில் பதினைந்து பேரைச் சும்மா உட்கார வைத்தவள் நான்தான் என்பது போல.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் ஒருத்தி சமையல்கட்டில் நிற்க, பதினைந்து நாத்தனார்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போதும் பந்தி தாமதமானதற்குக் காரணம் நான்தான்.

மத்தியானம் எதிர்ப்புற பிரஸ்ஸுக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். எங்கள் பிரஸ்ஸிலும் தண்ணீர் இருக்கிறது. அது குளிர்ச்சியாக இல்லை. டிசைனுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன். சும்மாதான். எடுக்கவில்லையாம்.


ஜூலை 4, வெள்ளி

கம்ப்யூட்டரில் பேய்.

காலையில் ஸ்கிரீனைப் போட்டேன். நான் மவுஸைத் தொடவே இல்லை, அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு ஃபோல்டரைத் திறந்தது. உள்ளே ஒரு பல்துலக்கும் பிரஷ், கையும் காலும் வைத்து இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு பற்பசைக் குழாய் வெட்கப்பட்டது.

"சந்தனம்!" என்று கத்தினேன். ஓடி வந்து பார்த்தவன், "அன்னைக்கே சொன்னேன்லக்கா, சாமியாடும்னு" என்றான்.

வைரஸ்தான். உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் குரலே மாறிப்போனது. "ஆன்ட்டி, எதையும் தொடாதீங்க. நான் பாத்துக்கிறேன். மாமாகிட்ட சொல்லிப் பயமுறுத்தாதீங்க." அரை நிமிஷத்தில் பிரஷ் மறைந்தது. இவ்வளவு பொறுப்பான பிள்ளையை நான் தப்பாக நினைத்துவிட்டேனே என்று கொஞ்ச நேரம் மனசு சங்கடப்பட்டது.

மயில் தோகை இன்னும் பாதி. லட்சுமிக்கு முகமே போடவில்லை. ஆடி நெருங்குகிறது.


ஜூலை 8, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். வைரஸை அல்ல, வேறொன்றை.

மெஷின் ஹாலுக்குப் போயிருந்தேன். முருகன் சேவ் ஆகிற நேரம்தான், வேறெப்போது? ஒரு கலர் மெஷின் பழுதாகிக் கிடக்கிறது. அதனால் ஒரு கோயில் நோட்டீஸை, வெறும் கறுப்பு மை வேலையை, பெரிய நாலு கலர் மெஷினில் போட்டு சந்தனமாரி அடித்துக்கொண்டிருந்தான். ஒரே எரிச்சல் அவனுக்கு.

"கறுப்பு யூனிட்தான் அடிக்குது. மிச்சம் மூணும் சும்மா சுத்துதுக்கா. கரண்ட்டுக்குப் பிடிச்ச கேடு. அந்தச் சின்ன மெஷினா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும், அதுக்கு ஓட்டம் ஜாஸ்தி."

அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு மை வேலைக்கு எத்தனை யூனிட் இருந்து என்ன? அந்த ஒரு யூனிட் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதானே கணக்கு? எங்கள் பழைய சாஃப்ட்வேர் ஒரு மை வேலைக்காரன். வேலையைப் பங்கு போடத் தெரியாது. சேவ் ஆனாலும் தங்க மினுக்கு ஆனாலும் ஒரே கோரின் தலையில் கட்டிவிடும். கோர் என்றால் ஆள். கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்த ஆளின் கைவேகம். எனக்குத் தேவை கைவேகம் உள்ள ஒரு ஆள். வாங்கித் தந்திருப்பதோ பதினாறு சாவகாசமான ஆட்கள்.

நான் ஸ்லோவாம்! கை பழகவில்லையாம்! வயசாம்! ஆத்திரத்தில் நோட்டீஸ் கட்டு ஒன்றைத் தட்டிவிட்டேன். சந்தனமாரியோடு சேர்ந்து பொறுக்கி அடுக்கினேன்.


ஜூலை 10, வியாழன்

காலையில் வந்ததும், எதையும் தொடாமல், மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்த டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அந்தப் பதினைந்து சோம்பேறிகளின் முகத்தை அண்ணாச்சியிடம் காட்ட ஒரு படம் பிடித்து வைக்கலாம் என்று.

பதினாறும் நிறைந்து நின்றன. பதினாறும், உச்சி வரைக்கும். நான் இன்னும் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

ஏசி பழுதில்லை. பெட்டியில் கை வைத்தேன். தோசைக்கல்.

ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சாயங்காலம் ஆஃப் பண்ணாதீங்க. எதையும் தொடாதீங்க. மாமாகிட்ட சொல்லாதீங்க. பிரஷ் ஆடுகிற விளம்பரப் படம். அது மாதிரிப் படங்களுக்கு ஆடுகிற ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக கம்ப்யூட்டர் வரைந்து தள்ளவேண்டும். பதினாறு பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் பதினாறு பேரும் வரைவார்கள். அந்த வேலைக்கு இதைவிட நல்ல மெஷின் கிடையாது.

மாப்பிள்ளை தப்பாக வாங்கவில்லை. எனக்கு வாங்கவில்லை, பெங்களூரில் இருந்தபடியே ராத்திரியில் தன் வேலையை ஓட்ட வாங்கினார், அவ்வளவுதான்.

ஊர் முழுக்க வம்பு தெரிந்த என் மூக்குக்கு, என் மேசைக்குக் கீழேயே நடந்தது தெரியவில்லை. இந்த அவமானத்தை டைரியில்தான் எழுத முடியும்.


ஜூலை 11, வெள்ளி

எப்படிச் சொல்வது? "உங்க மருமகன் நம்ம மெஷினில் திருட்டு வேலை ஓட்டுகிறார்" என்றா? ஆறு மாதக் கல்யாணம். அண்ணாச்சி மகள் சுகந்தி என் மடியில் உட்கார்ந்து காலண்டர் சாமிக்கு மீசை வரைந்த பிள்ளை.

அண்ணாச்சி காலைச் சுற்றை முடித்துவிட்டு என் கதவைத் தாண்டும்போது கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, எல்லா மெஷினையும் தொட்டுக் கும்பிடுறீங்க. இதுவும் மெஷின்தானே? பூஜை போட்ட நாள்ல இருந்து உங்க கை படவே இல்லை. அதான் ஓட மாட்டேங்குதோ என்னமோ."

"ஷாக் அடிக்காதுல்ல?"

"அடிக்காது. தொடுங்க."

உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. கண்ணில் ஒற்றவும் இல்லை. அந்த முகத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், காதுகுத்துப் பத்திரிகை நாளில்.

"நேத்து எப்ப போன?"

"எப்பவும்போல ஆறு மணிக்கு அண்ணாச்சி."

"அப்புறம் யாரு ஓட்டுனா?"

ஸ்கிரீனைப் போட்டு, நிறைந்து நின்ற பதினாறு கட்டத்தையும் காட்டினேன். பிறகு, "இது நான் சேவ் குடுத்தா" என்று சொல்லி, அன்றைக்கு மாப்பிள்ளை முன்னால் தெரிந்த ஒற்றைக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். "ஒரு கலர் வேலை அண்ணாச்சி. இத்தனை யூனிட் எனக்கு எதுக்கு?"

அவருக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பெங்களூரா?"

"ஆமா அண்ணாச்சி."

"யாருகிட்டயும் சொல்லாத வடிவு."

என்னிடம்! இதைவிடக் கொடுமையான தண்டனையை எவனும் எவளுக்கும் கொடுத்திருக்கமாட்டான். டீக்கடைப் பக்கமே போகவில்லை நான். வாய் தானாகத் திறந்துவிடும்.

எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "உனக்கு என்ன மெஷின் வேணுமோ நீயே போயி வாங்கு" என்றார். இருபத்திரண்டு வருஷம்.


ஜூலை 14, திங்கள்

மதுரை. முருகனைப் பென் டிரைவில் போட்டு, பழைய சாஃப்ட்வேரையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரப் பையன் என்னோடு வந்த கார் டிரைவரைப் பார்த்து, "சார், எத்தனை கோர் பாக்குறீங்க?" என்றான். டிரைவர் பாவம், எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க பாரு. ஒரு கோர் எவ்வளவு வேகம்? அதைச் சொல்லு."

"மேடம், எட்டு கோர்..."

"எட்டு பேர் இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. பாட்டுப் போட, மெயில் பாக்க ஆள் வேணும். அதுல ஒருத்தன் தனியா எவ்வளவு வேகமா ஓடுவான்?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் நன்றாகவே சொன்னான். கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் நம்பக்கூடாதாம், புதிய தலைமுறை பிராசஸர் அதே வேகத்திலும் கூடுதல் வேலையை முடிக்குமாம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற வேகம் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து ஓடும்போது வருவதாம். "இவ்வளவு எதுக்கு? இந்தா முருகன், சேவ் பண்ணிக் காட்டு" என்றேன்.

மூன்று மெஷினில் முருகனை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவதில் நான் சேவ் அமுக்கிவிட்டு, பழக்கத்தில் டீ குடிக்க எழுந்தேன். "முடிஞ்சிருச்சு மேடம்" என்றான். பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தேன். கண்ணில் ஏதோ தூசி.


ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

தலை ஆடி விருந்து. கல்யாணமான முதல் ஆடி என்பதால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து, அண்ணாச்சி வீட்டில் மாப்பிள்ளைக்குச் சீர். நானும் போயிருந்தேன்.

தட்டுகள் வரிசையாக வந்தன. வேட்டி சட்டை, பழம், இனிப்பு, வெள்ளிக் கிண்ணம். கடைசித் தட்டை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், முன்னால் சந்தனமாரி. பட்டுத் துணி போர்த்தி, மாலை சாத்தி, பூஜையன்று வைத்த குங்குமம் அழியாமல், பதினாறு கோர்.

மாப்பிள்ளையின் வாயில் இருந்த அதிரசம் அங்கேயே நின்றது.

"மாப்பிள்ளைக்கு ஆடிச் சீர்," என்றார் அண்ணாச்சி சபை கேட்க, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "இது ராத்திரி பகலா உழைக்கிற மெஷின். உங்க பக்கத்துல இருந்தாத்தான் அதுக்கும் சௌகரியம், உங்களுக்கும் சௌகரியம். இனிமே இவ்வளவு தூரத்துல இருந்து ஓட்டிச் சிரமப்பட வேண்டாம்."

பெண் வீட்டார் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "எங்க சம்பந்திக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று கண் கலங்கினார். சுகந்திக்கு ஒன்றும் தெரியாது, அவள் பெருமையாகச் சிரித்தாள். மாப்பிள்ளை எழுந்து மாமனார் காலில் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

வாசலில் என்னிடம் வந்தார். "ஆன்ட்டி..."

"ஆறு பெர்சென்ட்தான் தம்பி பழகினது. மிச்சம் எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கு."

அதிரசம் நன்றாக இருந்தது. நான் நாலு சாப்பிட்டேன்.


ஜூலை 25, வெள்ளி

லட்சுமி முடிந்தாள். மயில் முடிந்தது.


ஜூலை 31, வியாழன்

பிள்ளையார் வெங்கடாசலபதி சரஸ்வதி முடிந்தது. எழுத நேரமில்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

ஆல்பம் வந்துவிட்டது. திருச்சி ஏஜெண்ட் முருகன் பக்கத்தில் நின்று, தோகையை விரலால் தடவிப் பார்த்தார். தாள்தான் என்று தெரிந்தும் தடவினார்.

ஏஜெண்டுகள் போன பிறகு அண்ணாச்சி என் கதவில் சாய்ந்து நின்றார்.

"அடுத்த வருஷம் முருகனை ரெண்டு பொண்டாட்டியோட போடுவோமா வடிவு?"

"போடலாம் அண்ணாச்சி."

உள்ளே வந்து பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்திருக்கும். கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.


ஆகஸ்ட் 4, திங்கள்

இப்போது ஒரு புகார். எழுதாமல் விட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். இந்தப் புது மெஷின் வந்த நாளிலிருந்து நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை. பைண்டிங் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் யார் யாரோடு பேசவில்லை என்றுகூடத் தெரியாமல் ஒரு மனுஷி சிவகாசியில் எப்படிப் பிழைப்பது? இப்போதும் வள்ளியின் முதல் கோட்டைப் போட்டு, சேவ் கொடுத்துவிட்டுத்தான் இதை எடுத்தேன். செல்வமணி வீட்டில் நேற்று ஒரு பெரிய கூத்தாம், சந்தனமாரி வாசலில் வைத்து அரைகுறையாகச் சொன்னான். அதாவது, அவள் கொழுந்தனார்

சேவ் ஆகிவிட்டது.